டர்பைனுக்கு ஒரு நாள் ரெஸ்ட்

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. தலைப்பில் ‘பிலிம் கூலிங்’ என்று ஒரு சொல் வரும். அதைக் கேட்டதும் என் கணவரின் மாமா, “அட, கார் கண்ணாடில ஒட்டுவாங்களே, அந்தக் கூலிங் பேப்பரா? அதுக்குமா டாக்டர் பட்டம் குடுக்குறாங்க?” என்றார். இல்லை மாமா என்று ஆரம்பித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்து வந்த ஒரு நிக்காஹ் விருந்தில், திண்டுக்கல்லில் எங்கள் பேகம்பூர்க்காரர்கள் பாதிப்பேர் இருந்த பந்தியில், “நம்ம மருமக கூலிங் பேப்பர்ல டாக்டருக்குப் படிக்குது” என்று அறிமுகப்படுத்தினார். தோல் வியாபாரம் செய்யும் ஒருவர் உடனே தன் வண்டிக்குக் கறுப்பு போடலாமா பச்சை போடலாமா என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு மறுக்கத் தெம்பு இல்லை. பச்சை போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

விஷயம் இவ்வளவுதான். விமான இன்ஜினிலும் மின் நிலையத்திலும் இருக்கும் டர்பைனில், எரிந்து வரும் வாயு பிளேடுகளின் மேல் பாய்ந்து அவற்றைச் சுழற்றும். அந்த வாயுவின் சூட்டுக்கு பிளேடே உருகிவிடும். உருகாமல் இருப்பதற்காக பிளேடில் சாய்வாகச் சின்னத் துளைகள் போட்டு, உள்ளிருந்து குளிர்ந்த காற்றை வெளியே விடுவார்கள். அது பிளேடின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, சூடு நேரடியாகத் தொடாமல் காக்கும். எவ்வளவு வேகத்தில் விடுவது என்பதில்தான் சிக்கல். வாசல் கழுவும்போது குழாயை அளவாகத் திறந்தால் டியூப் தண்ணீர் தரையோடு தவழ்ந்து போகும். முழுதாகத் திறந்தால் தரையை விட்டு எகிறும். காற்றும் அப்படித்தான். வேகம் கூடினால் பிளேடை விட்டு எழும்பிவிடும், அடியில் சூடு புகுந்துவிடும். அப்படி எழும்பிய காற்று கொஞ்ச தூரம் தள்ளித் திரும்ப வந்து பிளேடில் ஒட்டுமா, ஒட்டினால் எந்த இடத்தில்? இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. உண்மையான டர்பைன் பிளேடை நான் ஒரே ஒரு முறை, ஒரு கண்காட்சியில், கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன்.

என் கணவருக்குப் பிரியாணிக் கடை. மதிய வியாபாரம் முடிந்து சாயங்கால அடுப்பு பற்ற வைப்பதற்குள் செத்த நேரம் வீட்டுக்கு வந்து படுப்பார். ஒரு நாள் அந்த நேரத்தில் இதை அவரிடம் விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “ரொம்ப வேகமாப் போனா ஒட்டாதுங்குற. குடும்பமும் அப்புடித்தானம்மா” என்று தத்துவத்தில் இறங்கினார். ஏங்க, இது வெறும் காத்து, தத்துவத்துக்கு நீங்க வேற ஆளப் பாருங்க என்று சொல்லிவிட்டேன். நாளெல்லாம் உழைத்து வந்தவளிடம் உழைப்பைக் குறைத்துக்கொள் என்று சொல்லும் தத்துவம் எதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. குறைத்தால் மிச்சத்தை யார் செய்வது?

திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை போகும் வழியில், சோளக்காட்டுக்கும் முருங்கைத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் மெக்கானிக்கல் துறை ஆசிரியை. நான் சேர்ந்த காலத்தில் அந்தத் துறையில் வகுப்புக்கு இடம் போதாமல் வராண்டாவில் பெஞ்சு போட்டார்கள். இப்போது எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிவிட்டார்கள். முன் வரிசை நிரம்பினால் அன்றைக்கு வகுப்பு களைகட்டுகிறது என்று அர்த்தம். ஒரு கூட்டத்தில் எங்கள் துறைத் தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: அடுத்த வருஷம் மெக்கானிக்கலுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கப் போவதில்லை. முனைவர் பட்டம் முடித்தவர்களை வேறு துறைக்கு மாற்றி வைத்துக்கொள்வார்கள். முடிக்காதவர்கள், “நீங்களே ஒரு முடிவுக்கு வந்துருங்க.”

நான் முடிக்காதவள். பகுதி நேர ஆராய்ச்சி என்று பேர், மற்றதெல்லாம் முழு நேரம். இரண்டு பிள்ளைப்பேறு, மாமியாரின் கடைசிக் காலம், கல்லூரியில் எனக்கு வந்து சேர்ந்த எல்லாப் பொறுப்புகளும் போக மிஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி நடந்தது. பல்கலைக்கழகம் நீட்டிப்பு மேல் நீட்டிப்பாகக் கொடுத்து, இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டது. டிசம்பர் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், இன்னொரு ஆயுள் இருந்தால்.

மற்றதெல்லாம் தயாராக இருந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவில் ஒருவர், “அதிக வேகத்தில் காற்று எழும்புகிறது என்கிறீர்கள், சரி. அது திரும்ப ஒட்டுவதைக் காட்டுங்கள்” என்று சொல்லியிருந்தார். அவர் அதைச் சாயா கேட்பதுபோலச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பிளேடைச் சுற்றியுள்ள இடத்தை லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று ஒவ்வொரு கணமும் என்ன செய்கிறது என்று கம்ப்யூட்டர் விடாமல் கணக்குப் போட வேண்டும். காற்று சும்மா இருக்காது, துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பையெல்லாம் நெடுநேரம் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் படம் தெளியும். எங்கள் ஆய்வகத்தில் இதற்குத் தாங்கும் மெஷின் ஒன்றுதான். அதில் ஆடி மாதம் கணக்கை ஓடவிட்டேன். புரட்டாசியில் அது பாதி தாண்டியிருந்தது.

அந்த மெஷினுக்குக் காவல் எங்கள் லேப் அசிஸ்டெண்ட். என்னைவிட வயதில் மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் மேடம் என்பார். சின்னாளப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மெஷினில் ‘கணக்கு ஓடுகிறது, அணைக்காதீர்கள்’ என்று நான் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனாலே அவர், “ஏலே, அங்கிட்டு என்ன சோலி? மேடத்தோட டர்பைன் ஓடுதுல்ல” என்று விரட்டுவார். அவரைப் பொறுத்தவரை அந்தப் பெட்டிக்குள் ஒரு டர்பைன் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. அப்படி இல்லை அண்ணே, அது கணக்குதான் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “கணக்குக்கு ஏன் மேடம் இம்புட்டுச் சூடாகுது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெட்டியின் பின்பக்கம் கை வைத்தால் அப்படித்தான் கொதிக்கும்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் கல்லூரியில் பூஜை. எனக்கு அன்றைக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. பிளஸ் டூ பிள்ளைகளிடம் எங்கள் கல்லூரியின் பெருமையைச் சொல்லிவிட்டு வர வேண்டும். இந்த வேலைக்கு ஆசிரியர்களை முறை வைத்து அனுப்புவார்கள். மழை பார்த்து விதைக்கிற ஊர். அந்த வருஷம் மழை தப்பியிருந்தது, பிள்ளைகளின் கவனமும் வானத்தில்தான் இருந்தது. நான் பேசி முடித்ததும் ஒரு பெண், “நீங்க என்ன படிச்சிருக்கீங்க மேடம்?” என்று கேட்டாள். இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். “இன்னுமா?” என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ‘இன்னுமா’ என் மடியில் உட்கார்ந்து வந்தது.

விடுமுறை முழுதும் வீட்டில் வேலை சரியாக இருந்தது. கல்லூரி மெஷினை வீட்டிலிருந்து எட்டிப் பார்க்க வசதி கிடையாது. எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நிம்மதியில் இருந்தேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே நிம்மதி அதுதான். நான் சோறு வடிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் எனக்குப் பதிலாக எங்கேயோ ஒன்று உழைத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு.

விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குள் போனபோது சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. மெஷின்கள் எல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. வரிசையாகச் சந்தனப் பொட்டும் குங்குமமுமாக இருந்தது. என் மெஷினுக்கு மட்டும் முழம் மல்லிகைப்பூ. வாடியிருந்தாலும் நிலக்கோட்டைப் பூ என்று தெரிந்தது. நான் ஒட்டியிருந்த தாளைக்கூடப் பிரித்து, திரையைத் துடைத்து, பழையதைவிட நேராக, புது டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ‘கணக்கு ஓடுகிறது, அணைக்காதீர்கள்.’ திரை வெளிச்சமாக இருந்தது. அதில் கணக்கு இல்லை. ஒரு மலையும் ஏரியும் படமாக இருந்தன, கம்ப்யூட்டரைப் புதிதாகத் திறந்தால் வருமே, அது.

லேப் அசிஸ்டெண்ட் சந்தோஷமாக வந்தார். “பாத்தீங்களா மேடம், ஒங்க மெஷினுக்குத்தான் மொதப் பூசை. விஜயதசமி அன்னிக்கு லீவுதான், இருந்தாலும் நல்ல நேரம் பாத்து வந்து நானே ஆன் பண்ணிட்டுப் போனேன்.”

“ஆன் பண்ணீங்களா? அப்ப எப்ப ஆஃப் பண்ணீங்க?”

“பூசைக்கு முந்தித்தான். சும்மா கரண்டப் புடுங்கல மேடம், முறையா ஷட் டவுன் குடுத்துத்தான் நிப்பாட்டுனேன். ஆயுத பூசைக்கு ஆயுதத்தக் கீழ வச்சிரணும்ல. எல்லா மெஷினும் அன்னன்னிக்கு ரெஸ்ட் எடுக்குது. இது ஒண்ணுதான் ஆடியிலருந்து ஓடுது. இதுக்குத்தானே மொதல்ல ரெஸ்ட் குடுக்கணும்?”

மின்விசிறிக்குக் கரண்ட் போய் வந்தால் தானாகச் சுற்றுவதுபோல, ஆன் செய்ததும் கணக்கும் விட்ட இடத்திலிருந்து ஓடும் என்று அவர் நினைத்திருக்கிறார். அது ஓடாது. அவ்வப்போது சேமித்து வைத்தால் அந்த இடத்திலிருந்து ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு சேமிப்பும் ஹார்ட் டிஸ்க்கை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அடைத்து நின்றும் போயிருக்கிறது. அதனால் எப்போதாவது ஒரு தடவை சேமித்தால் போதும் என்று வைத்திருந்தேன். கடைசிச் சேமிப்பு ஆவணியில் இருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்த சராசரி அத்தனையும் சாம்பிராணிப் புகையோடு போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “ஒங்க சாமிக்கு என் தீசிஸ்தான் கெடச்சுச்சா?” என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கிப் போனது. அவர் மெஷின் பக்கம் போய்ப் பூவை எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“நீங்க பாய் வீடுன்னு இதுக்குக் குங்குமம் வைக்கல மேடம். சந்தனம் மட்டும்தான் வச்சேன். சந்தனக்கூட்டுக்கு ஒங்க தர்காலயும் பூசுவாங்கல்ல, அதுனால தப்பில்லைன்னு நெனச்சேன். ஒங்க படிப்பு நல்லபடியா முடியணும்னுதான் கும்புட்டேன்.”

அப்போதுதான் கவனித்தேன். மற்ற எல்லா மெஷினிலும் சந்தனத்தின் மேல் குங்குமம் இருந்தது. என்னுடையதில் வெறும் சந்தனம், காய்ந்து வெடித்திருந்தது. இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு மனுஷனை மேற்கொண்டு என்ன சொல்லித் திட்டுவது? நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கணக்கு போனதற்கு மட்டும் அழவில்லை. விடாமல் ஓடுகிறதே, பாவம், இதற்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அது அந்தப் பெட்டியைப் பார்த்துத் தோன்றியிருக்கிறது. எனக்குப் பெட்டியின் மேல் பொறாமையாக இருந்தது.

“தப்புன்னு நீங்க சொன்னா தப்புதான் மேடம்,” என்றார் அவர் கொஞ்சம் கழித்து. “ஆனா பூசையன்னிக்கு அத ஓடவிட்டுருந்தா எனக்கு மனசு ஆறியிருக்காது. அடுத்த வருசம் முன்கூட்டியே சொல்லிருங்க.”

அடுத்த வருஷம்! அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

மதுரையில் இருந்த என் ஆராய்ச்சி கைடுக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், ஓய்வு பெறும் வயதில் இருந்தார், என்னைக் கரையேற்றிவிட்டுப் போக வேண்டும் என்ற கவலை அவருக்கு என்னைவிட அதிகம். முழுக்கக் கேட்டுவிட்டு, “எழும்புன காத்து எங்க போயி ஒட்டும்னு ஒங்களுக்குத் தெரியும்லம்மா? குறைஞ்ச வேகத்துக்குக் கிராஃப்ல கோடு இருக்கு. அதப் பாத்து இதையும் போட்டுருங்க. யாரும் அளந்து பாக்கப் போறதில்ல” என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மூழ்குகிறவளுக்குக் கயிறு போடுகிறார், கயிறு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் நேரமா அது?

அந்தக் கோட்டைப் போட்டும் பார்த்தேன். சட்டென்று முடிந்துவிட்டது. பிளேடின் குளிர்ச்சி துளைக்குப் பக்கத்தில் மேலிருந்து சரிந்து, பள்ளத்தில் இறங்கி, கொஞ்சம் தள்ளிக் காற்று ஒட்டும் இடத்தில் மெல்ல ஏறுகிற அழகான கோடு. பார்த்தவர் எவரும் நம்பியிருப்பார். நானே நம்பினேன். பிறகு அதை அழித்தேன். நேர்மையால் அழித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மையான காரணம் வேறு. இத்தனை வருஷம் அந்தக் காற்றின் பின்னாலேயே அலைந்திருக்கிறேன். அது என்ன செய்கிறது என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. நானே வரைந்துவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த வயதில், அந்தக் களைப்பில், எனக்கென்று மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஆவணிச் சேமிப்பிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். டிசம்பருக்குள் முழுதும் முடியாது என்று எனக்கே தெரியும். முடிந்த வரைக்கும் ஓடட்டும், கிடைக்கிற சராசரியை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்று கைடிடம் சொன்னேன். “ஒங்க இஷ்டம்மா” என்றார். இஷ்டம் என்ற சொல்லை வாத்தியார்கள் எப்போது பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் வாத்தியார்தானே.

அதற்குப் பிறகு லேப் அசிஸ்டெண்ட் மெஷினை விட்டு அகலவில்லை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு என்று கரண்ட்டை நிறுத்துவார்கள். அன்றைக்குக் காலையிலேயே போய் ஜெனரேட்டர்காரரிடம் டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவார். தீபாவளி விடுமுறையில்கூட ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனார். என்னைக் கண்டால் முதலில் கேட்பது, “என்ன மேடம், தூக்குன காத்து திரும்பி வந்து ஒட்டிருச்சா?” என்றுதான். இன்னும் இல்லை அண்ணே, தெளிவாகத் தெரிய நாளாகும் என்பேன். “ஒட்டிரும் மேடம். எங்க போயிரப் போகுது?” என்பார். கூலிங் பேப்பர் மாமாவுக்கு நான் எவ்வளவோ விளக்கியும் ஏறாதது, இவருக்கு எப்படியோ ஏறியிருந்தது. ஆராய்ச்சியின் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஒரே ஆள், குழுவில் இருந்தவரை விட்டால், இவர்தான்.

டிசம்பர் வந்தது. சராசரி பாதிதான் சேர்ந்திருந்தது. படத்தில் காற்று எழும்புவது தெரிந்தது. திரும்ப ஒட்டுகிற இடம் வரவேண்டிய பக்கத்தில் கலங்கலாக, இப்படியும் சொல்லலாம் அப்படியும் சொல்லலாம் என்று இருந்தது. அந்தக் கலங்கலையே ஆய்வேட்டில் போட்டு, சராசரி எடுத்த காலம் போதவில்லை, இதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று ஒரு வரி எழுதினேன். கடைசித் தேதிக்குள் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வெளியே வந்து மதுரையில் ஒரு கடையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

மெஷினை நிறுத்தவில்லை. அது முடியட்டும், முடிந்ததும் சாவகாசமாகப் பார்ப்போம் என்று விட்டுவைத்தேன். இனி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, எனக்காகப் பார்க்கலாம். இதற்கிடையில் கல்லூரியில் மாற்றங்கள் ஆரம்பமாயின. எங்கள் ஆய்வகத்தைச் செயற்கை நுண்ணறிவுத் துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். லேப் அசிஸ்டெண்டை முதலில் விடுதிக்கு மாற்றினார்கள், பொங்கல் கழித்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு முனைவர் பட்டம் கிடையாதே. அவர் போகிற அன்றைக்கு நான் விடைத்தாள் திருத்த வெளியூர் போயிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் ஆசிரியர் அறையில் இருந்தேன். புதுத் துறையில் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் ஆய்வகத்திலிருந்து போன் செய்தார். மரியாதையான பையன். “மேடம், இங்க ஒரு சிஸ்டத்துல உங்க ரன் ஒண்ணு ஓடிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல முடியும்போல இருக்கு. நாங்க சிஸ்டமெல்லாம் மாத்தணும். என்ன செய்யட்டும்?”

என் முன்னால் முதலாமாண்டு விடைத்தாள் கட்டு இருந்தது. மாலையில் பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். கணவருக்குக் கடையில் ஆள் வரவில்லை என்று வேறு போன் வந்திருந்தது. “நிப்பாட்டிருங்க” என்றேன்.

“ஃபைல் எல்லாம் காப்பி எடுத்து வைக்கவா மேடம்?”

“வேணாம்.”

போனை வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதில் மார்க் கூட்டியது ஒன்றுகூடத் தப்பவில்லை. பிற்பாடு யோசிக்கும்போதுதான் அது உறுத்தியது. ஆயுத பூஜைக்கு அந்த அழுகை அழுதவள் நான்தானா?

வாய்மொழித் தேர்வு கோடையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தமிழர்தான், பெரிய கல்வி நிறுவனத்தில் பேராசிரியர். நேராக அந்தக் கலங்கல் படம் இருந்த பக்கத்தைத் திருப்பினார். “இந்தச் சராசரி ஏன் இவ்வளவு குறைவு?”

கைடு என்னைப் பார்த்தார். நான், “ஆயுத பூஜை சார்” என்றேன்.

நடந்ததைச் சொன்னேன், பூவும் சந்தனமும் உட்பட. தேர்வாளர் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். “எங்க லேப்லயும் அணைச்சிருவாங்கம்மா. நான் முதல் நாளே பூட்டிச் சாவிய ஒளிச்சு வச்சிருவேன்” என்றார். பிறகு, “முழுசா ஓடியிருந்தா திரும்ப ஒட்டியிருக்கும்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டார். ஒட்டியிருக்கும் சார் என்றேன். “நானும் அப்படித்தான் நினைக்கிறேன்” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நான் டாக்டர். வேலையும் தப்பிப் பிழைத்தது. முதலாமாண்டு கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் டிராயிங் எடுக்கிறேன். மாமா மட்டும் விடவில்லை, இன்னும் கூலிங் பேப்பர் டாக்டர்தான்.

போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, “மேடம்!” என்றார். எங்கள் லேப் அசிஸ்டெண்ட். இளைத்திருந்தார். நூல் மில்லில் வேலை என்றார். “ராப்பகலா ஓடுது மேடம் அங்க. நிப்பாட்டுனா மேஸ்திரி வந்துருவாரு” என்று சிரித்தார். எனக்குச் சன்னல் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தள்ளி உட்கார்ந்துகொண்டார். டாக்டர் ஆகிவிட்டேன் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். சந்தோஷமாகக் கேட்டார்:

“அப்ப கணக்கு முடிஞ்சிருச்சு. தூக்குன காத்து திரும்பி வந்து ஒட்டுச்சா மேடம்?”

ஒட்டியது என்று சொல்லியிருக்கலாம். தேர்வாளரிடமே சொன்னேனே. இவரிடம் வாய் வரவில்லை.

“தெரியலண்ணே. பாக்கல.”

“பாக்கலயா? நா விடுதிக்குப் போறப்பக்கூட ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

“நாந்தான் நிப்பாட்டச் சொல்லிட்டேன். தீசிஸ் குடுத்தாச்சு. யாருக்கும் தேவைப்படல.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “நல்லா ஓடிக்கிட்டு இருந்தத,” என்றார், “சும்மாவா நிப்பாட்டுனீங்க?”

அவர் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைச் சரிசெய்துகொண்டார்.

“டாக்டர் ஆயிட்டீங்கல்ல?”

“ஆயிட்டேன்.”

“அப்பச் சரி மேடம்” என்றார். அதற்குப் பிறகு சின்னாளப்பட்டி வரும்வரை அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை.